நல்ல கிடாவைச் சந்தைக்கு ஏற்றும் முன்: நாட்டு வெள்ளாட்டில் இனத்தேர்வு, முழுமையான வழிகாட்டி

எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வண்டியிலிருந்து இறங்கியதுமே விலை போகிற கிடாக்குட்டிகளைக் கவனியுங்கள். ஆறேழு மாதம்தான் ஆகியிருக்கும். கால் நீளமாக, முதுகு நேராக, ரோமம் மினுங்கிக்கொண்டு நிற்கும். தரகர் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதற்குள் அவற்றைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அந்த வாரம் முடியுமுன் அவை கறியாகிவிடும்.

அதே நேரத்தில் ஊரில் பட்டியில் என்ன மிச்சம் இருக்கும்? வியாபாரி வேண்டாம் என்று ஒதுக்கிய குட்டி. அடுத்த வருஷம் முப்பது தாயாட்டுக்கு அதுதான் பொலிகிடா, அதாவது சினைப்படுத்த விடும் கிடா.

நாட்டு ஆடு எடை வருவதில்லை, அதனால்தான் வெளி இனத்துக்குப் போனேன் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் பட்டியின் கடைசி மூன்று பொலிகிடாக்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: விற்காமல் நின்றது. இதுவும் ஒரு வகையில் இனத்தேர்வுதான், ஆனால் தலைகீழான தேர்வு. இருபது வருஷம் இப்படிச் செய்தால் எந்த இனமும் இளைத்துப்போகும். இதைத் திருப்பிப் போடுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. பத்து முதல் ஐம்பது தாயாடு வரை வைத்து, மேய்ச்சலை நம்பி வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: கையில் இருப்பது எந்த இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டு வெள்ளாடுகளில் மூன்று இனங்கள், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகத்தில் பதிவானவை.

கன்னி ஆடு விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசல் காட்டுக்குரியது. கறுப்பு உடம்பு, முகத்தின் இரு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால் கன்னி, செவலையாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டி போடுவதற்குப் பேர் போனது.

கொடி ஆடு தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம். போரை ஆடு என்றும் சொல்வார்கள். வெள்ளை உடம்பில் கறுப்பு தெளித்தாற்போல இருந்தால் கரும்போரை, செந்நிறம் தெளித்திருந்தால் செம்போரை. உயரமான, ஒல்லியான ஆடு. அந்த நீண்ட காலை அழகுக்காக மட்டும் பார்க்காதீர்கள். பின்னங்காலில் எழுந்து நின்று வேலிக்காத்தான் காயையும் குடைவேல் இலையையும் எட்டிப் பறிக்க அதுதான் உதவுகிறது. வெயிலில் பல மைல் நடக்கவும் அதுதான்.

சேலம் கருப்பு என்பது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், ஈரோடு பகுதியில் உள்ளது. உடம்பு முழுக்கக் கறுப்பு.

2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றிலும் சேராத கலப்பு நாட்டு ஆடுகள். உங்கள் ஆடு அப்படி இருந்தாலும் கீழே சொல்லும் முறை அப்படியே பொருந்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இனத் தூய்மை என்று சொல்லி நிறத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். முகத்துக் கோடு கொஞ்சம் மங்கல் என்பதற்காக நன்றாக வளர்ந்த கன்னிக் கிடாவைக் கழித்தால், அதனோடு ஒரு நல்ல வம்ச வழியும் போகிறது. பால் கன்னியும் செங்கன்னியும் ஒரே இனம்தான், சேர்த்தால் தப்பில்லை. நீளமாகத் தொங்கும் காது, கிளி மூக்குப் போல வளைந்த முகம் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது வேறு விஷயம். அங்கே ஜமுனாபாரி போன்ற வெளி இரத்தம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தக் கிடாவைப் பொலிக்கு விட வேண்டாம்.

படி 2: எதற்காகத் தேர்வு செய்கிறீர்கள்?

எடை, இரட்டைக் குட்டி, பால், நோய் தாங்கும் சக்தி எல்லாமே வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறோம். ஆனால் ஒரே நேரத்தில் நாலு குணத்துக்குத் தேர்வு செய்தால், ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்துங்கள்.

ஒரு குணம் தேர்வுக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது, அதில் எவ்வளவு பங்கு மரபுவழி கடக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் கிடா பட்டியின் சராசரியைவிட 4 கிலோ அதிகம் என்றால், அந்த 4 கிலோவும் மரபால் வந்ததல்ல. கொஞ்சம் நல்ல மேய்ச்சல், கொஞ்சம் தாயின் பால், கொஞ்சம் ஒற்றைக் குட்டியாகப் பிறந்த அதிர்ஷ்டம். மிச்சம்தான் மரபு. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரையிலான எடையில் இந்தப் பங்கு பொதுவாக 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். ஓர் ஈத்தில், அதாவது ஒரு பிரசவத்தில், எத்தனை குட்டி என்பதில் 10 சதவீதத்தை ஒட்டித்தான்.

என்ன பொருள் என்றால், எடையைக் கிடாவின் எடையை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். இரட்டைக் குட்டிப் பழக்கத்தை ஒரே ஓர் ஈத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

என் பரிந்துரை, கறிக்காக வளர்ப்பவர்கள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்: கிடாவில் ஆறு மாத எடை, தாயாட்டில் அது வருஷத்துக்குப் பால் மறக்கும் வரை வளர்த்துக்கொடுத்த மொத்தக் குட்டி எடை. இரண்டாவதை இன்னும் விளக்கமாக ஐந்தாம் படியில் சொல்கிறேன். இந்த ஒரே எண்ணுக்குள் இரட்டைக் குட்டி, பால், தாய்மைக் குணம், குட்டி பிழைப்பது எல்லாமே அடங்கிவிடும்.

படி 3: அடையாளமும் நோட்டும்

காது வில்லை போடுங்கள். முடியாவிட்டால் கழுத்துக் கயிற்றில் எண் போட்ட தகடு. பிறந்த அன்றே போட வேண்டும், பிறகு எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்பது மறந்துபோகும். மறக்காது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தொன்பது குட்டி ஒரே மழை வாரத்தில் பிறந்த பிறகு என் நோட்டில் ஆறு குட்டிக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது.

நோட்டில் இவ்வளவு போதும்: குட்டியின் எண், தாய் எண், தந்தை எண், பிறந்த தேதி, கிடாவா பெட்டையா, ஒற்றையா இரட்டையா, தாய்க்கு எத்தனையாவது ஈத்து, பிறந்த எடை, மூன்று மாத எடை, ஆறு மாத எடை, கடைசியில் என்ன ஆயிற்று. செத்தால் எப்படி, விற்றால் எந்த எடையில்.

தந்தை எண் என்ற கட்டம்தான் எல்லார் நோட்டிலும் காலியாகக் கிடக்கும். ஊர் மேய்ச்சலில் பல பட்டி ஒன்றாகப் போகும்போது எந்தக் கிடா சேர்ந்தது என்று தெரியாது. இதற்கு ஒரே வழி, பொலிகிடாவை மேய்ச்சலுக்கு அனுப்பாமல் கட்டிவைத்து, பருவத்துக்கு வந்த ஆட்டைக் காலையும் மாலையும் பார்த்து அதனிடம் விடுவது. ஆடு கத்திக்கொண்டே இருக்கும், வாலை ஆட்டும், தீனியில் கவனம் இருக்காது, வழும்பு ஒழுகும். இந்த நிலை ஒன்று ஒன்றரை நாள் இருக்கும். காலையில் கண்டால் மாலையில் சேருங்கள். சினை பிடிக்காவிட்டால் சுமார் 21 நாளில் மறுபடி வரும். பிடித்தால் ஏறத்தாழ 150 நாளில் ஈனும். சேர்த்த தேதியை எழுதிவைத்தால் அந்த 150 நாள் கணக்கே தந்தை யார் என்பதற்குச் சாட்சி.

படி 4: எடை போடுவது, நியாயமாக ஒப்பிடுவது

ஒரு தொங்கு தராசும் ஒரு சாக்கும் போதும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை, பிறகு மூன்று மாதம், ஆறு மாதம். காலையில் மேய்ச்சலுக்கு விடுமுன் போடுங்கள். வயிறு நிறைந்த ஆடும் வெறும் வயிற்று ஆடும் ஒப்பிடத்தக்கதல்ல.

எல்லாக் குட்டிக்கும் சரியாகத் தொண்ணூறாம் நாளில் எடை போட யாராலும் முடியாது. அதனால் மாதம் ஒரு நாள் மொத்தமாகப் போட்டுவிட்டு, கணக்கில் சரிசெய்யுங்கள். பிறந்தபோது 2 கிலோ இருந்த குட்டி, 98ஆம் நாளில் 10 கிலோ என்று வையுங்கள். கூடியது 8 கிலோ. அதை 98ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் 7.35. பிறந்த எடையைக் கூட்டினால் 9.35 கிலோ. இதுதான் அதன் 90 நாள் எடை.

இனிமேல்தான் முக்கியமானது. ஒற்றைக் குட்டி எப்போதும் பெரிதாகத் தெரியும், ஒரு தாயின் பால் முழுவதும் அதற்கு. தலையீத்துத் தாயின் குட்டி சின்னதாக இருக்கும். மழைக்குப் பின் பிறந்ததும் சித்திரை வெயிலில் பிறந்ததும் ஒன்றல்ல. இதையெல்லாம் பார்க்காமல் பெரிய குட்டியைப் பிடித்தால், நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒற்றைக் குட்டி போடும் தாய்களின் பிள்ளைகளை. சில வருஷத்தில் பட்டியில் இரட்டைக் குட்டியே குறையும். கன்னி ஆட்டின் சிறப்பையே நாம் கையால் அழித்த மாதிரி ஆகும்.

அதனால் ஒற்றையை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுங்கள், அதுவும் ஒரே பருவத்தில் பிறந்தவற்றில். சராசரியை 100 என்று வையுங்கள். ஒற்றைகளின் சராசரி 10 கிலோ, அதில் ஒன்று 11 கிலோ என்றால் அதன் மதிப்பு 110. இரட்டைகளின் சராசரி 8 கிலோ, அதில் ஒன்று 10 கிலோ என்றால் அதன் மதிப்பு 125. தராசில் 11 கிலோ ஜெயிக்கிறது. பொலிக்கு வைக்க வேண்டியது 10 கிலோக் குட்டி.

படி 5: தாயாட்டைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு ஆடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஒற்றைக் குட்டி போட்டு மூன்று மாதத்தில் அதை 10 கிலோ ஆக்கியது. இன்னொன்று இரட்டை போட்டு ஒவ்வொன்றையும் ஏழரை கிலோ ஆக்கியது. முதல் ஆட்டின் குட்டியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். ஆனால் இரண்டாவது ஆடு 15 கிலோ கொடுத்திருக்கிறது. வருஷக் கணக்காக இதைக் கூட்டுங்கள். எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஈனும் ஆடு இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து தரும், வருஷத்துக்கு ஒருமுறை ஈனும் ஆடு இரண்டுதான்.

மூன்று ஈத்து முடியும்வரை இறுதித் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரே ஈத்தில் இரட்டை வந்ததை நம்புவதைவிட மூன்று ஈத்தின் சராசரியை நம்புவது இரண்டு மடங்குக்கு மேல் பத்திரமானது.

மூன்று குட்டி, நாலு குட்டி போடும் ஆட்டைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. மேய்ச்சலை நம்பி வாழும் ஆட்டுக்கு மூன்றுக்குப் பால் பத்தாது. பிறந்ததில் ஒன்று இளைத்துச் சாகும், மிச்சமும் சரியாக வளராது. பிழைத்து வளர்ந்த குட்டியைத்தான் எண்ண வேண்டும்.

பட்டியின் மேல் மூன்றில் ஒரு பங்குத் தாய்களைக் குறித்துவையுங்கள். பொலிகிடா இவற்றின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும். கீழே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் கழியுங்கள். குட்டியைச் சேர்க்காத தாய், ஒரு காம்பு அடைத்த மடி, மற்ற ஆடுகள் தேறி நிற்கும்போதும் திரும்பத் திரும்பக் குடற்புழு மருந்து கேட்கும் ஆடு, இவையெல்லாம் முதலில் போக வேண்டும். கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். மழைக்காலத்தில் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு பட்டி முழுக்கப் பரவும்போதும் சில ஆடுகளின் இமை வெளுக்காமல் சிவப்பாகவே இருக்கும். அந்தத் தாங்கும் சக்தியில் ஒரு பகுதி மரபுவழி வருவது. நோட்டில் அதற்கும் ஒரு குறி போடுங்கள்.

படி 6: பொலிகிடா

ஒரு தாயாடு வருஷத்துக்கு இரண்டு மூன்று குட்டி தரும். முப்பது தாயாட்டுக்கு ஒரு கிடா என்றால், அந்தக் கிடாவின் பிள்ளைகள் வருஷத்துக்கு அறுபதுக்கு மேல். பட்டியின் அடுத்த தலைமுறையில் பாதி அதன் இரத்தம். தாயாட்டில் தப்பு நடந்தால் இரண்டு மூன்று குட்டியில் முடியும், கிடாவில் தப்பு நடந்தால் பட்டி முழுக்கத் தெரியும்.

மூன்று கட்டமாகச் செய்யுங்கள். மூன்றாம் மாதத்தில், குறித்துவைத்த தாய்களின் கிடாக்குட்டிகளில் மதிப்பு 100க்கு மேல் இருப்பதை மட்டும் நிறுத்தி மற்றவற்றை விற்றுவிடலாம் அல்லது காயடிக்கலாம். நிறுத்தியதை உடனே பெட்டைகளிடமிருந்து பிரியுங்கள். நாலைந்து மாதக் கிடாக்குட்டியே சினைப்படுத்திவிடும், தன் தாயையும் கூடப் பிறந்ததையும் சேர்த்து. ஆறாம் மாதத்தில் மறுபடி எடை போட்டு, மேலே உள்ள இரண்டு மூன்றை மட்டும் வையுங்கள். ஒரு வயதை ஒட்டிக் கடைசித் தேர்வு.

கடைசித் தேர்வில் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கையாலும் கண்ணாலும் பாருங்கள். இரண்டு விதையும் இறங்கி, ஒரே அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்று மேலே நின்றுவிட்டால் அந்தக் கிடா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கறிக்குத்தான். கீழ்ப் பற்கள் மேல் ஈறோடு நேராகப் பொருந்த வேண்டும், முன்னே நீண்டோ பின்னே போயோ இருந்தால் புல்லைக் கடிக்க முடியாது. குளம்பு, கணுக்கால், நடை பாருங்கள். பெட்டைகளைக் கண்டால் என்ன செய்கிறது என்றும் பாருங்கள்.

அப்புறம் கொம்பு. கொம்பில்லாத மொட்டைக் கிடா சாதுவாக இருக்கும் என்று சிலர் அதையே தேடி வாங்குகிறார்கள். வெள்ளாட்டில், பிறவியிலேயே கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் ஒரு பகுதி ஆணும் பெண்ணும் கலந்த உறுப்போடு, மலடாகப் பிறக்கும் ஆபத்து உண்டு. கொம்பின்மையும் இந்தக் குறையும் முதலாம் குரோமோசோமில் ஒரே இடத்தில் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. சேர்க்கையில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

இனி நேர்த்திக்கடன். கருப்பசாமிக்கும் முனியசாமிக்கும் நேர்ந்துவிடும் கிடா ஊனமில்லாமல், பெரும்பாலும் முழுக் கறுப்பாக, இருப்பதிலேயே நல்லதாக இருக்கும். சாமிக்கு நல்லதைத்தான் கொடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஊர் வழக்கம் இடம் கொடுத்தால், கோயில் கொடைத் திருவிழா வரும் வரை அதையே பொலிக்கு விடுங்கள். கிடா சாமிக்குப் போகும், வம்சம் பட்டியில் நிற்கும்.

எவ்வளவு முன்னேற்றம் வரும்? பட்டியின் ஆறு மாதச் சராசரி 11 கிலோ என்று வைப்போம். பொலிகிடா 15 கிலோ, வைத்துக்கொண்ட பெட்டைகளின் சராசரி பதினொன்றரை. கிடாவின் மேன்மை 4, பெட்டையின் மேன்மை அரை, இரண்டின் சராசரி 2.25 கிலோ. மரபுவழிப் பங்கு 30 சதவீதம் என்றால் அடுத்த தலைமுறையில் கூடுவது 675 கிராம். தீனிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் ஒவ்வொரு குட்டியிலும் 675 கிராம். அடுத்த தலைமுறை அதன் மேல் ஏறும், நாம் தலைகீழாகத் தேர்வு செய்யாதவரை இது திரும்பிப் போகாது.

படி 7: இரத்த உறவு, அதாவது பன்முகத்தன்மையைக் காப்பது

இவ்வளவு நல்ல கிடா கிடைத்தவுடன் எல்லோரும் செய்யும் தப்பு, அதை ஐந்தாறு வருஷம் வைத்திருப்பது. முதல் வருஷக் குட்டிகள் அருமையாக இருக்கும். நாலாவது வருஷத்தில் குட்டி சின்னதாகப் பிறக்கும், சாவு கூடும், சினை தங்காது. மேய்ச்சல் கெட்டுப்போச்சு என்று சொல்வோம். உண்மையில் அப்பன் தன் மகளையும் பேத்தியையும் சேர்ந்திருக்கிறது.

அப்பன், மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை அளவு 25 சதவீதம். ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்தவை சேர்ந்தால் 12.5 சதவீதம். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றும். உறவில் சேரும்போது இரண்டு பக்கமும் அதே பழுதான பிரதி வந்து விழுகிறது. குட்டி பிழைப்பது, சினை பிடிப்பது, நோயைத் தாங்குவது ஆகியவைதான் முதலில் அடிபடும்.

பொலிகிடாவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். வெள்ளாட்டுக்கு அது தாமதம். கணக்குப் போடுங்கள்: கிடாவை விட்ட ஐந்தாம் மாதம் குட்டி பிறக்கும். அந்தப் பெட்டைக்குட்டி எட்டு முதல் பத்து மாதத்தில் பருவத்துக்கு வரும். ஐந்தும் எட்டும் பதிமூன்று. பதிமூன்றாம் மாதத்திலேயே மகள் அப்பனுக்கு முன்னால் நிற்கும். ஆக, ஒரு வருஷம் முடிந்ததும் கிடா இடம் மாற வேண்டும். கொஞ்ச நாள் தாமதமானால் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துணி கட்டியாவது மகள்களிடமிருந்து தடுத்துவையுங்கள்.

அந்த இடத்துக்கு இன்னொரு கிடா வேண்டும். அது வர வேண்டியது பக்கத்துப் பட்டியிலிருந்து. இந்த வழிகாட்டியில் ஒன்றையே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்: ஐந்து பேர் சேருங்கள். ஆளுக்கு 30 தாயாடு என்றால் மொத்தம் 150. முதல் பட்டியில் பிறந்து தேர்வான கிடா இரண்டாம் பட்டிக்கு, இரண்டில் பிறந்தது மூன்றுக்கு, ஐந்தில் பிறந்தது முதல் பட்டிக்கு. பெட்டைகள் அந்தந்தப் பட்டியிலேயே இருக்கும். கிடா மட்டும் ஒரே திசையில் சுற்றும். தன் பட்டியில் பிறந்த கிடாவை எவரும் தன் பட்டியில் விடுவதில்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பட்டியில் எத்தனை தலை இருந்தாலும், மரபின் கண்ணுக்கு அது எவ்வளவு பெரியது என்று பார்க்க, கிடாக்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு கிடா, 30 பெட்டை என்றால் 120ஐ 31ஆல் வகுத்தால் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. பார்வைக்கு 31 ஆடு, மரபின் கணக்கில் நாலு. ஒரு தலைமுறைக்கு உள்ளினச் சேர்க்கை ஏறத்தாழ 13 சதவீதம் கூடும்.

ஐந்து பட்டி, வருஷத்துக்கு ஒரு கிடா மாற்றம் என்றால், வெள்ளாட்டின் ஒரு தலைமுறையை மூன்று வருஷம் என்று கொண்டால், 15 கிடாக்களின் இரத்தம் 150 பெட்டைகளுக்குள் வருகிறது. அதே கணக்கில் 54 வரும். ஓர் இனம் தாக்குப்பிடிக்க இந்த எண் குறைந்தது 50 ஆவது இருக்க வேண்டும் என்பது உலக உணவு மற்றும் வேளாண் நிறுவனத்தின் அளவுகோல். ஐந்து சம்சாரிகள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் எட்டிவிடக்கூடிய எண் அது.

அரசு மானியத்தில் 500 பெட்டை, 25 கிடா என்று பெரிய பண்ணை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்குப்படி உங்களுக்கு 95 வரும், அருமையான எண். ஆனால் அந்த 25 கிடாவையும் ஒரே வியாபாரியிடம், ஒரே லோடில் வாங்கினால், அதில் பாதி அண்ணன் தம்பியாக இருக்கலாம். அப்போது அந்த 95 வெறும் காகிதக் கணக்கு. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு பட்டியில், தாயைப் பார்த்து வாங்குங்கள்.

பணத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இதில்தான் பல குழுக்கள் உடைகின்றன. கிடாவை வாங்குகிறவர், வளர்த்தவருக்கு அன்றைய சந்தை உயிர் எடை விலையையும் அதன் மேல் ஒரு தொகையையும் கொடுக்க வேண்டும். நல்ல கிடாவைச் சந்தைக்கு ஏற்றாமல் நிறுத்தியவருக்கு நஷ்டம் வந்தால், அடுத்த வருஷம் அவர் நிறுத்தமாட்டார். ஒரு வருஷப் பொலிக்குப் பிறகு கிடா இன்னும் எடை போட்டிருக்கும், விற்கும்போது போட்ட பணம் திரும்பி வரும். கிடா மாறும்போது நோய் மாறிவிடக் கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, மூன்று வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே பட்டிக்குள் விடுங்கள்.

படி 8: வெளி இனம் பற்றி

தலைச்சேரி, ஜமுனாபாரி, சிரோஹி, போயர் என்று ஒவ்வொரு ஐந்து வருஷத்துக்கும் ஓர் இனம் பேசப்படும். முதல் கலப்புக் குட்டி பெரிதாகத்தான் வரும். தூரத்து இரத்தம் கலக்கும்போது வரும் வீரியம் அது. அதைப் பார்த்து அந்தக் கலப்புக் கிடாவையே பொலிக்கு விடுவார்கள். அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் பாதி போய்விடும், குட்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கோடையில் தீவனம் கேட்கும்.

கொட்டிலில் அடர்தீவனம் கொடுத்து வளர்ப்பவர், எல்லாக் குட்டியையும் கறிக்கே விற்பவர், கலப்பு செய்வதில் தவறில்லை. ஆனால் அந்தக் கிடாவை ஊர் மேய்ச்சலில் அவிழ்த்துவிடாதீர்கள். அது பக்கத்துப் பட்டியின் கன்னி ஆட்டையும் கலந்துவிடும், அவரைக் கேட்காமலே. ஒருமுறை கலந்த வம்சத்தைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. கலப்பு செய்கிறவருக்கும் தாய் வரிசைக்கு நல்ல நாட்டுப் பெட்டை வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

படி 9: ஆய்வகம் எங்கே உதவும்

வெள்ளாட்டுக்கு 30 ஜோடி, 60 குரோமோசோம்கள். ஒரு துளி இரத்தம் போதும், டி.என்.ஏ.வில் ஐம்பதாயிரம் இடங்களை ஒரே நேரத்தில் படிக்கும் சில்லு இன்று இருக்கிறது. அதிலிருந்து யார் தந்தை, எவ்வளவு வெளி இரத்தம், எவ்வளவு உறவுச் சேர்க்கை என்றெல்லாம் தெரியும். இனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரே இனத்துக்குள் ஆட்டுக்கு ஆடு உள்ள வேறுபாடுதான் பல மடங்கு பெரிது என்பதும் இப்படிப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. உங்கள் பட்டிக்குள்ளேயே தேர்வு செய்ய இடம் இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

ஆனால் எடை எழுதாத பட்டியில் டி.என்.ஏ. எடுத்து ஒரு பயனும் இல்லை. எந்த மரபணு எடையைக் கூட்டுகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகத்துக்கே ஆயிரக்கணக்கான ஆடுகளின் எடைப் பதிவு வேண்டும். மூன்று வருஷம் எழுதிய நோட்டோடு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள ஆராய்ச்சி மையத்துக்குப் போங்கள். 1971இல் தொடங்கிய அகில இந்திய வெள்ளாட்டு ஆராய்ச்சித் திட்டம் பல மாநிலங்களில் நடக்கிறது. மதுராவுக்கு அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம்தான் அதை ஒருங்கிணைக்கிறது. விவசாயிகளின் பட்டிகளிலேயே எடை எடுத்து, நல்ல கிடாவை ஊருக்குக் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று.

படி 10: வருஷம் ஒருநாள் கணக்குப் பார்ப்பது

தை மாதத்தில் ஒரு நாள் ஐந்து பேரும் நோட்டோடு உட்காருங்கள். நாலு கேள்விதான். ஆறு மாதச் சராசரி எடை என்ன? நூறு ஈத்துக்கு எத்தனை குட்டி? மூன்று மாதத்துக்குள் எத்தனை செத்தது? ஒரு தாயாடு வருஷத்துக்கு எத்தனை கிலோ குட்டி வளர்த்துக் கொடுத்தது?

மழை பெய்த வருஷத்தையும் பொய்த்த வருஷத்தையும் நேராக ஒப்பிடாதீர்கள். அதற்குப் பதில், ஒரே வருஷத்தில், பொலிகிடாக்களின் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கிடாவின் குட்டிகள் மற்றவற்றைவிட மேலே நிற்கின்றனவோ, அதன் மகன்களில் இரண்டு அடுத்த சுற்றுக்கு வர வேண்டும். எடை கூடிக்கொண்டே போய்ச் சாவும் கூடினால், வேகத்தைக் குறைத்து இரத்த உறவைச் சோதியுங்கள்.

முதல் தடவை உட்காரும்போது பாதி நோட்டு காலியாக இருக்கும். ஒருவர் ஆறு மாத எடை எடுக்காமல் விட்டிருப்பார், இன்னொருவர் அவசரத்துக்கு நல்ல கிடாவை விற்றிருப்பார். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்திருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால்தான் ஒவ்வொரு பட்டியிலும் ஒன்றல்ல, இரண்டு கிடாவை ஒரு வயது வரை நிறுத்தச் சொல்கிறேன். ஒன்று போனாலும் இன்னொன்று அடுத்த பட்டிக்குப் போய்ச் சேரும்.